யூத சபையின் கல்லறைத் தோட்டத்துக்கு நிதி திரட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலம் ஒன்றில், நூறாண்டைக் கடந்த ஒரு யூத சபைக்குச் சில ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். நான் யூதன் அல்லன். அந்தச் சபை தன் கல்லறைத் தோட்டத்தைச் சீரமைக்கவும் அடுத்துள்ள நிலத்தை வாங்கி விரிவாக்கவும் நிதி திரட்டத் தொடங்கிய நாள் முதல், சபையாரும் என் தமிழ் நண்பர்களும் ஒரே கேள்விகளை மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சமய விதியில் முடிவு சொல்ல வேண்டியவர் சபையின் சமய ஆசானாகிய ரபி, சட்டத்தில் வழக்கறிஞர். நான் சொல்வது கணக்குப் புத்தகத்தின் பக்கத்திலிருந்து பார்த்தது.

எல்லாருக்கும் பொதுவான இடுகாடு இருக்கும்போது ஒரு சபைக்கென்று தனிக் கல்லறைத் தோட்டம் எதற்கு?

யூத சமயத்தில் அடக்கம் என்பது குடும்பத்தின் பொறுப்பு மட்டுமன்று, சமூகத்தின் கடமையும் ஆகும். இறந்தவரை நீராட்டி, செல்வர் வறியவர் என்ற வேறுபாடின்றி ஒரே வகை எளிய வெள்ளைத் துணி உடுத்தி, இயன்ற விரைவில் மண்ணில் சேர்க்கும் பணியை 'ஹெவ்ரா கடிஷா' எனப்படும் அடக்கக் குழு செய்கிறது. இறந்தவர் கைம்மாறு செய்ய இயலாது என்பதால் இந்த உதவிக்கு 'உண்மையான அன்பு' என்று எபிரேயத்தில் பெயர். கல்லறைத் தோட்டத்தை 'நித்திய வீடு' என்றும், மரணத்தின் பெயரை நேரே சொல்லத் தயங்குவதுபோல், 'உயிருள்ளோர் வீடு' என்றும் அழைக்கிறார்கள்.

அந்த வீடு என்றென்றும் அவர்களுடையதாகவே இருக்க வேண்டும் என்பதுதான் தனி நிலம் வாங்குவதற்கு அடிப்படைக் காரணம். ஐரோப்பாவின் பல நகரங்களில் பொது இடுகாட்டுக் குழிகள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே தரப்படுகின்றன; தவணை முடிந்தால் அதே இடம் வேறொருவருக்குப் போய்விடும். யூத விதி இதை ஏற்பதில்லை.

ஜெப ஆலயத்தின் கூரையே ஒழுகுகிறது. அதைச் சரிசெய்யாமல் கல்லறைக்கு ஏன் பணம் கேட்கிறீர்கள்?

சபைக் கூட்டங்களில் தவறாமல் எழும் கேள்வி இது. வயதுவந்த பத்துப் பேர் கூடினால் வாடகை மண்டபத்திலும் தொழுகை நடத்தலாம். அடக்கத்துக்கு அப்படி மாற்றிடம் தேட முடியாது. இதனால்தான் புதிய ஊரில் குடியேறிய யூதர்கள் பெரும்பாலும் முதலில் கல்லறைக்கு நிலம் வாங்கினார்கள். ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் யூதர்கள் கல்லறை நிலம் வாங்கியது 1677இல், அங்கே ஜெப ஆலயம் திறக்கப்பட்டது 1763இல். நியூயார்க்கின் சாத்தம் சதுக்கத்தில் இன்றும் எஞ்சியிருக்கும் யூதக் கல்லறை 1680களைச் சேர்ந்தது. அந்தச் சபை தனக்கென்று முதல் ஆலயம் கட்டியது 1730இல்தான். இன்னும் பின்னோக்கிப் போனால், ஆதியாகமம் 23ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கிய நிலமே மனைவி சாராளை அடக்கம் செய்வதற்கான மக்பேலா குகைதான். நிலத்தின் உரிமையாளன் எப்பெரோன் அதை இலவசமாகத் தருவதாகச் சொல்லியும் அவர் விலை கொடுத்தே வாங்கினார் என்பதை ரபிகள் நிதி திரட்டும்போதெல்லாம் நினைவூட்டுவார்கள்.

இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். ஒழுகும் கூரையை வாரந்தோறும் நூறு பேர் அண்ணாந்து பார்த்துக் குறை சொல்கிறார்கள். கல்லறைத் தோட்டத்தில் உள்ளவர்கள் குறை சொல்வதில்லை.

சீரமைப்பு என்றால் புல் வெட்டுவதும் சுவருக்கு வண்ணம் அடிப்பதும்தானே? அதற்கா இவ்வளவு செலவு?

புல் வெட்டுவது ஆண்டுச் செலவு. அது சீரமைப்புக் கணக்கில் வராது. சீரமைப்பில் பெரும்பங்கு சாய்ந்த கற்களுக்குப் போகிறது. இந்தப் பகுதியின் குளிர்காலத்தில் மண்ணிலுள்ள ஈரம் உறைந்து விரிகிறது, வசந்தத்தில் உருகித் தளர்கிறது. ஆண்டுதோறும் இப்படிப் பொங்கித் தாழும் மண்ணில், உறைநிலை எட்டாத ஆழத்தில் அடித்தளம் இடாமல் நட்ட கல் சில பத்தாண்டுகளில் சாய்ந்துவிடும். ஒரு மீட்டர் உயரம், 60 செ.மீ. அகலம், 20 செ.மீ. தடிப்புள்ள கருங்கல்லின் எடை 300 கிலோவுக்கு மேல்; அது ஒரு குழந்தையின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்பதைக் காப்பீட்டாளர் சொல்லித்தான் அறிய வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு கல்லையும் தூக்கி, பழைய அடித்தளத்தைத் தோண்டியெடுத்து, புதிதாகக் கான்கிரீட் இட்டு மீண்டும் நிறுத்த வேண்டும். பக்கத்துக் குழியைத் தொடாமல் செய்ய வேண்டியிருப்பதால் பெரிய இயந்திரங்களைக் கொண்டுவரவும் முடியாது.

அடுத்தது எழுத்து. பழைய பளிங்குக் கற்கள் அமில மழையில் கரைந்து, பெயர்கள் விரலால் தடவினால் மட்டுமே தெரியும் நிலைக்கு வந்துவிட்டன. நல்ல எண்ணத்தோடு வரும் தன்னார்வலர்கள் கம்பித் தூரிகையும் பிளீச்சிங் கரைசலும் கொண்டு தேய்த்து எஞ்சியதையும் அழித்துவிடுவது உண்டு. மென்மையான தூரிகையும் நீரும் போதும்; பாசிக்கென்றே தயாரிக்கப்பட்ட மருந்து தேவைப்பட்டால் அதை அறிந்தவர் போட வேண்டும். மழைநீர் வடிகால், சுவரை வேரால் பெயர்க்கும் மரங்கள், சக்கர நாற்காலி செல்லும் பாதை ஆகியவையும் பட்டியலில் உள்ளன. வாயிலருகே ஒரு தண்ணீர்க் குழாயும் உண்டு: தோட்டத்தை விட்டு வெளியேறுவோர் கை கழுவிவிட்டுப் போவது வழக்கம். துக்க வீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுகும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக வரைபடம். கல் வைக்கப்படாத குழந்தைகளின் குழிகளும், பழைய பதிவேட்டில் வரிசை மாறி எழுதப்பட்ட குழிகளும் எல்லாப் பழைய தோட்டங்களிலும் உண்டு. தரையை ஊடுருவும் ரேடார் கொண்டு, ஒருகாலத்தில் தோண்டப்பட்ட மண்ணைத் தோண்டப்படாத மண்ணிலிருந்து பிரித்தறியலாம். கற்களைத் தொடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும் என்பது என் வற்புறுத்தல்.

எங்கள் தாத்தா அந்தக் காலத்திலேயே 'நிரந்தரப் பராமரிப்பு' என்று பணம் கட்டி ரசீது வைத்திருக்கிறார். மறுபடியும் ஏன் கேட்கிறீர்கள்?

கோபத்தோடு கேட்கப்படும் கேள்வி, கோபமும் நியாயமானதே. 1930இல் ஒருவர் 100 டாலர் கட்டியிருந்தால், 4 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 4 டாலர் வந்திருக்கும். அன்று அது ஏறக்குறைய ஒரு கூலியாளின் ஒருநாள் ஊதியம். ஒரு குழியை ஆண்டு முழுதும் பேண அது போதுமாக இருந்தது. இன்று அதே 4 டாலருக்குப் புல் வெட்டுபவர் பத்து நிமிடம்கூட நிற்க மாட்டார். வட்டியை முழுதாகச் செலவழித்து முதலை மட்டும் காத்தால் இப்படித்தான் முடியும். முதல் குறையவில்லை, அதன் மதிப்பு கரைந்துவிட்டது.

இரண்டாவது, அந்த ரசீதில் உள்ள 'பராமரிப்பு' என்ற சொல் பெரும்பாலும் புல், பாதை, வேலி ஆகியவற்றைத்தான் குறிக்கிறது. கல் குடும்பத்தின் உடைமை. அது விழுந்தால் நிறுத்தும் பொறுப்பும் பெரும்பாலும் குடும்பத்துடையது. ஆனால் 1930இல் அடக்கமானவரின் கொள்ளுப்பேரன் எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்பதே தெரியாதபோது, சபைதான் அந்தக் கல்லைத் தூக்க வேண்டியிருக்கிறது. எனவே ரசீது வைத்திருப்பவரிடம் மீண்டும் கட்டச் சொல்லாமல், விருப்பமிருந்தால் நன்கொடை தருமாறு மட்டுமே கேட்க வேண்டும். முன்பு கட்டியது செல்லாது என்று யாரும் சொல்லக் கூடாது.

இந்தத் தவறு மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்கிறீர்கள்?

திரட்டும் பணத்தை மூன்று கணக்குகளாகப் பிரித்து வைக்கிறோம்: சீரமைப்பு, நிலம், நிலைநிதி. முதல் இரண்டும் செலவாகித் தீர்ந்துவிடும். நிலைநிதியில் முதலீட்டிலிருந்து ஆண்டுக்கு 4 சதவீதம் மட்டும் எடுத்து, அதற்குமேல் ஈட்டியதை விலைவாசிக்கு ஈடாக முதலிலேயே விட்டுவைப்பது வழி. ஆண்டுப் பராமரிப்புக்கு 30,000 டாலர் தேவை என்று கொண்டால், நிலைநிதி 7,50,000 டாலர் இருக்க வேண்டும். இந்த எண்ணைக் கேட்டதும் குழுவில் அமைதி நிலவும்.

நிலத்துக்கும் சுவருக்கும் கொடையாளர்கள் எளிதில் கிடைப்பார்கள், ஏனெனில் அவை கண்ணுக்குத் தெரியும். நிலைநிதிக்குக் கொடுப்பவர் மிகக் குறைவு. ஆகவே நிலத்துக்கென்று வரும் ஒவ்வொரு டாலருக்கும் இணையாக நிலைநிதியில் ஒரு டாலர் சேரும்வரை நிலத்தை வாங்கக் கூடாது என்று நான் வாதிட்டு வருகிறேன், எல்லாரும் ஏற்கவில்லை. நியூயார்க் மாநிலத்தில், அரசின் கண்காணிப்புக்கு உட்பட்ட பொதுக் கல்லறை நிறுவனங்கள் இடம் விற்ற தொகையில் குறைந்தது 10 சதவீதத்தை நிலைநிதியில் சேர்க்கச் சட்டமே கட்டாயப்படுத்துகிறது. சமய அமைப்புகளின் தோட்டங்கள் அந்தக் கண்காணிப்புக்குள் வருவதில்லை. அதனால் கட்டுப்பாட்டைச் சபையே தன்மேல் விதித்துக்கொள்ள வேண்டும்.

ஆடு விட்டு மேயவிட்டால் புல் வெட்டும் செலவு மிச்சமாகுமே?

ஊரிலிருந்து கேட்ட ஒருவர் இதை விளையாட்டாகச் சொல்லவில்லை, நானும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வாஷிங்டனின் காங்கிரஷனல் கல்லறைத் தோட்டத்தில் 2013இல் களைகளை அழிக்க உண்மையிலேயே ஆடுகளை விட்டார்கள். யூதத் தோட்டத்தில் அது முடியாது. கல்லறைகளில் கால்நடை மேய்க்கக் கூடாது, அதன் வழியே வாய்க்கால் வெட்டக் கூடாது, அங்குள்ள புல்லை அறுத்துப் பயன்கொள்ளக் கூடாது என்று யூத சமயச் சட்ட விளக்கத் தொகுப்பான தால்முட் வெளிப்படையாகத் தடுக்கிறது. இறந்தோரின் இடத்திலிருந்து உயிரோடிருப்போர் ஆதாயம் பெறலாகாது என்பது அதன் கருத்து. வாய்க்கால் தடை இருப்பதால், முன்பு சொன்ன வடிகாலைத் திட்டமிடும்போதும் ரபியைக் கலந்தே கோடு போட்டோம்.

பழைய குழியையே சில ஆண்டுகளுக்குப் பின் மறுபடி பயன்படுத்தலாமே? எங்கள் குடும்பக் கல்லறையில் அப்படித்தான் செய்கிறோம்.

சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் குடும்பக் கல்லறையை மீண்டும் திறந்து அடக்கம் செய்து பழகிய கிறிஸ்தவ நண்பர் கேட்டது. யூத விதிப்படி அடக்கமானவரின் எலும்பைக் கலைப்பதும், அந்த இடத்தைக் காலி செய்து வேறொருவருக்குத் தருவதும் கூடாது. இடம் தீர்ந்தால் மேலே மண் கொட்டி உயர்த்தலாம். பிராகின் பழைய யூதக் கல்லறையில் அதைத்தான் செய்தார்கள்: நகரம் கூடுதல் நிலம் தராததால் அடுக்கின்மேல் அடுக்காகச் சில இடங்களில் பன்னிரண்டு அடுக்குவரை போய்விட்டதாகச் சொல்வார்கள். கீழடுக்குக் கற்களையும் மேலே தூக்கி நட்டதால்தான் இன்று அங்கே ஏறக்குறைய 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. எருசலேமில் ஹார் ஹமெனுஹோத் மலைக்கடியில் சுரங்கம் குடைந்து, 20,000க்கும் மேற்பட்ட அடக்க இடங்களை உருவாக்கி 2019இல் ஒரு பகுதியைத் திறந்தார்கள்.

எங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. பக்கத்து நிலம் விலைக்கு இருக்கிறது. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஒரு குழிக்கு, இடைவெளியோடு சேர்த்து, 40 சதுர அடி என்றால் கணக்குப்படி 1,089 குழிகள் வரும். பாதை, வேலி, மரம், நிலத்தடி நீர் மேலே இருக்கும் தாழ்வான மூலை ஆகியவற்றைக் கழித்தால் 700 கிடைத்தாலே நல்லது. நீர்மட்டத்தைச் சோதிக்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் தடித்த எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

எரியூட்டினால் இந்த இடப் பிரச்சினையே வராதே?

நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் கேட்பது. உடலை மண்ணுக்கே திருப்பித் தர வேண்டும் என்பது யூத மரபு. மரபுவழிச் சபைகள் எரியூட்டலை ஏற்பதில்லை. சீர்திருத்தச் சபைகளில் எரியூட்டியோரின் சாம்பலைக் கல்லறைத் தோட்டத்தில் புதைக்க இடம் தருவது உண்டு. எப்படியும் அது நிதி திரட்டுவோர் முடிவு செய்யும் விஷயமன்று.

யாரிடம், எப்போது கேட்பது சரியாக இருக்கும்? துக்கத்தில் இருப்பவரிடம் கேட்கலாமா?

அடக்கம் முடிந்த ஏழு நாள் துக்கத்தில் கேட்கவே கூடாது. அடக்கத்தின்போது உண்டியல் குலுக்குவது பல ஊர்களில் பழைய வழக்கம்தான். தர்மம் மரணத்திலிருந்து காக்கும் என்ற நீதிமொழியைச் சொல்லிக்கொண்டே குலுக்குவார்கள். ஆனால் நிதித் திட்டத்துக்கு அந்த நேரம் பொருந்தாது.

ஆண்டில் நான்கு முறை, பாவநிவிர்த்தி நாளிலும் மூன்று திருவிழாக்களிலும், 'யிஸ்கோர்' என்ற நினைவு வேண்டுதல் ஓதப்படுகிறது. இறந்தவர் பெயரால் தர்மம் செய்வதாக வாக்களிப்பது அந்த வேண்டுதலின் சொற்களிலேயே இருப்பதால், கல்லறை நிதிக்கு அதைவிடப் பொருத்தமான வேளை இல்லை. ஆனால் அந்நாள்களில் பணத்தைத் தொடவோ எழுதவோ கூடாது. அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: தொகைகள் அச்சிட்ட அட்டையை இருக்கைகளில் வைப்பார்கள், தர விரும்பும் தொகைக்கு எதிரே நாக்குப் போல் வெட்டப்பட்ட அட்டைத் துண்டை மடக்கிவிட்டால் போதும், பணம் பின்னால் வரும். முதல் ஆண்டு அந்த அட்டைகளைப் பெயரில்லாமல் அச்சிட்டுவிட்டு, யார் எதை மடக்கினார் என்று தெரியாமல் நான் விழித்ததும் உண்டு.

புத்தாண்டுக்கு முந்தைய எலூல் மாதம் இன்னொரு நல்ல காலம். அப்போது குடும்பங்கள் கல்லறைக்கு வந்து கூழாங்கல் வைத்துவிட்டுப் போவார்கள், சாய்ந்த கல்லைத் தம் கண்ணாலேயே பார்ப்பார்கள். மேலும் ஒவ்வொருவரின் நினைவுநாளும் எபிரேய நாள்காட்டிப்படி, நம் திதியைப் போலவே, ஆங்கிலத் தேதியில் ஆண்டுக்காண்டு மாறிவரும். அதை நினைவூட்டிச் சபை அனுப்பும் கடிதத்தில் நிதியைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாம். ஒரு வரிக்குமேல் வேண்டாம்.

எல்லாரும் 18 டாலர், 36 டாலர், 180 டாலர் என்றே தருகிறார்களே, ஏன்?

எபிரேய எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. 'உயிர்' என்று பொருள்படும் 'ஹை' என்ற சொல்லின் கூட்டுத்தொகை 18. நாம் மொய்யை 101, 501 என்று எழுதுவதுபோல் இதுவும். ஆகவே அட்டையில் 25, 50, 100 என்று அச்சிடாமல் 18இன் மடங்குகளை அச்சிடுங்கள்.

பெரிய தொகை தருபவருக்கு வாயிலருகே நல்ல இடம் ஒதுக்கித் தரலாமா?

தரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வாயிலருகேயும் பாதையோரமும் உள்ள இடங்களுக்கு வேறு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். ஆசாரிய வம்சத்தாராகிய கோஹனீம், மிக நெருங்கிய உறவினருக்காக அன்றி, இறந்தோரின் அருகே செல்லக் கூடாது என்று லேவியராகமம் 21ஆம் அதிகாரம் விதிக்கிறது. அவர்கள் பாதையில் நின்றே தம் முன்னோரின் கல்லைப் பார்க்க முடிய வேண்டும் என்பதற்காக அக்குடும்பங்களைப் பாதையோரம் அடக்கம் செய்வது வழக்கம். விரிவாக்கத்தில் பாதை அகலமாக இருப்பதும் ஆடம்பரத்துக்காக அன்று, இதற்காகத்தான்.

கொடையாளர் பெயரை வாயில், இருக்கை, சுவர் ஆகியவற்றில் பொறிக்கலாம். கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாத கொடையை, இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸ் தர்மத்தின் எட்டுப் படிகளில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக வைத்தார். ஆனால் பெயர்ப்பலகை இல்லாமல் வாயில் கட்டி முடித்த சபையை நான் பார்த்ததில்லை.

கொடுத்த பணத்துக்கு வருமான வரிச் சலுகை கிடைக்குமா?

அமெரிக்கச் சட்டப்படி, சபைக்கோ லாப நோக்கற்ற கல்லறை அமைப்புக்கோ, தோட்டம் முழுமைக்கும் என்று தரும் நன்கொடைக்குச் சலுகை உண்டு. உங்களுக்காக ஓர் இடம் வாங்கினால் அது விலை, நன்கொடை ஆகாது. உங்கள் பாட்டியின் குழியை மட்டும் பராமரிக்கவென்று கட்டும் தொகைக்கும் சலுகை இல்லை. புதிய நிலத்தில் இடங்களை முன்கூட்டியே விற்று நிதி திரட்டும்போது, விலையையும் நன்கொடையையும் ஒரே காசோலையில் வாங்கி ஒரே ரசீது தருவது பின்னால் தலைவலியாக முடியும்; இரண்டு ரசீது எழுதுங்கள்.

சபைக்கு வெளியே உள்ளவர்களிடம், இணையத்தில், கேட்பது கௌரவக் குறைவில்லையா?

2017 பிப்ரவரியில் செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டிய ஹெசெத் ஷெல் எமெத் கல்லறைத் தோட்டத்தில் 150க்கும் மேற்பட்ட கற்கள் தள்ளி வீழ்த்தப்பட்டன. (முதல் கேள்வியில் சொன்ன 'உண்மையான அன்பு' என்பதே அத்தோட்டத்தின் பெயர்.) லிண்டா சர்சூர், தாரிக் எல்-மெசிதி என்ற இரு அமெரிக்க முஸ்லிம்கள் 20,000 டாலர் திரட்ட இணையத்தில் வேண்டுகோள் விடுத்தார்கள். மூன்று மணி நேரத்தில் அத்தொகை சேர்ந்தது; முடிவில் 1,60,000 டாலரைக் கடந்தது. கௌரவம் குறைந்ததாக யாரும் நினைக்கவில்லை.

கணக்கு எழுதுபவன் என்ற முறையில் நான் கவனித்தது வேறொன்று. மிஞ்சும் பணம் பிற இடங்களில் சேதமான யூதத் தலங்களுக்குச் செல்லும் என்று அந்த வேண்டுகோளிலேயே எழுதியிருந்தார்கள். அப்படி எழுதாமல் ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று வாங்கிய பணம் மிஞ்சினால், அதைச் சபை தன் விருப்பப்படி ஒழுகும் கூரைக்குத் திருப்ப முடியாது.

பழைமையான தலம்தானே, அரசாங்கம் தராதா?

ஐரோப்பாவில் தந்திருக்கிறது. கைவிடப்பட்ட யூதக் கல்லறைகளின் பராமரிப்புச் செலவை மத்திய அரசும் மாநிலங்களும் பகிர்ந்துகொள்ள ஜெர்மனியில் 1957இல் உடன்பாடு ஏற்பட்டது. வார்சாவின் ஒகோபோவா தெருவில் 1806இல் தொடங்கிய பெரும் யூதக் கல்லறைக்குப் போலந்து அரசு 2017இல் 10 கோடி ஸ்லாட்டி ஒதுக்கியது. ஆனால் அங்கே அரசு தருவதற்குக் காரணம், தர வேண்டிய சமூகமே கொல்லப்பட்டுவிட்டது என்பது. உயிரோடுள்ள ஒரு சபை அதை எடுத்துக்காட்டாகச் சொல்லிக் கேட்பது எனக்கு உவப்பாக இல்லை. அமெரிக்காவில் சமய அமைப்பின் அன்றாடப் பராமரிப்புக்கு அரசுப் பணத்தை எதிர்பார்க்கவும் முடியாது.

பணம் இல்லாதவர் இறந்தால் என்ன செய்வீர்கள்?

நியூயார்க்கில் 1888இல் தொடங்கிய எபிரேய இலவச அடக்கச் சங்கம் இன்றும் வறியவர்களை முழு மரபுப்படி அடக்கம் செய்கிறது. 1911இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலைத் தீயில் இறந்த தொழிலாளர்களில் 22 பேர் ஸ்டேட்டன் தீவில் உள்ள அதன் மவுண்ட் ரிச்மண்ட் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். தால்முட் ஒரு செய்தி சொல்கிறது: இறப்பைவிட அடக்கச் செலவு பெரிய துயரமாகி, உறவினர் உடலைப் போட்டுவிட்டு ஓடும் நிலை ஒருகாலத்தில் வந்ததாம், அப்போது செல்வரான ரபான் கமாலியேல் தன்னை எளிய நாரிழைத் துணியில் அடக்கச் சொல்லி, பிறருக்கு வழி காட்டினாராம். புதிய நிலத்தின் ஒரு பங்கை இலவச அடக்கத்துக்கென்று வைக்கும்போது அதைத் தனி மூலையில் வைக்காமல் வரிசைகளுக்குள்ளேயே கலந்து வைக்க வேண்டும்.

என் மனைவி யூதர் அல்லர். நான் கணிசமாகக் கொடுத்திருக்கிறேன். எங்களை அருகருகே அடக்கம் செய்வீர்களா?

மரபுவழிச் சபைகளில் இல்லை. சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் ஆம். இடைப்பட்ட பல சபைகள் பாதையாலோ செடிவேலியாலோ பிரிக்கப்பட்ட தனிப் பகுதியில் இதற்கு இடம் தருகின்றன. சிக்கல் எங்கே என்றால், பழைய பகுதியில் இடம் வாங்கியவர்கள் அது யூதர்களுக்கு மட்டுமே என்ற நிபந்தனையை நம்பி வாங்கினார்கள். அவர்களில் பலர் இன்று அங்கேயே இருக்கிறார்கள், அவர்களிடம் சம்மதம் கேட்க முடியாது. நிபந்தனையைப் பின்னால் மாற்றுவது, தாத்தாவின் ரசீதைச் செல்லாது என்பதற்குச் சமம்.

புதிய நிலத்துக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் முடிவை நிதி கேட்பதற்கு முன்பே எடுத்து எழுத்தில் வெளியிட வேண்டும். இது பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பணம் வாங்குவது இரு தரப்பாரையும் ஏமாற்றுவதாகும். கொடையின் அளவு இந்த முடிவைத் தொடக் கூடாது.

பாதையை அகலமாக்கச் சில பழைய கல்லறைகளை நகர்த்தினால் என்ன?

யூத விதி கல்லறையைத் தோண்டி இடம் மாற்றுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. இஸ்ரேல் மண்ணுக்கோ குடும்பத்தாரின் பக்கத்துக்கோ கொண்டுபோவதும், வெள்ளம் அல்லது அவமதிப்பிலிருந்து காப்பதும் விலக்குகள். பாதை அவற்றில் ஒன்றன்று. பாதைதான் வளைந்து போக வேண்டும்.

அரசு நிலத்தை எடுத்துக்கொண்டால் வேறு வழியில்லை. சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலையில் இருந்த பழைய யூதக் கல்லறை, இன்று தமிழர்கள் தினமும் ஏறி இறங்கும் டோபி காட் ரயில் நிலையத்துக்காக 1980களில் தோண்டி எடுக்கப்பட்டது. சென்னையிலும் அப்படியொரு இடமாற்றம் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் வைரத்துக்கும் பவளத்துக்குமாக மதராஸ் வந்த போர்த்துகீசிய வழி யூதர்களின் கற்கள் முதலில் மின்ட் தெருப் பக்கம் இருந்தன. எஞ்சியவற்றை இப்போது ராயப்பேட்டை லாயிட்ஸ் சாலையில், அதாவது அவ்வை சண்முகம் சாலையில், ஒரு சிறு வளாகத்தில் காணலாம்.

சபையே சுருங்கிக்கொண்டு வருகிறது. ஐம்பது ஆண்டுகளில் சபை இல்லாமல் போனால் இந்தத் தோட்டம் யார் கையில்?

இதை யாரும் கூட்டத்தில் கேட்பதில்லை. வாகனம் நிறுத்துமிடத்தில் தனியாக வந்து கேட்கிறார்கள். நியூயார்க்கின் பெரிய யூதக் கல்லறைகளில் கிழக்கு ஐரோப்பியச் சிற்றூர்களின் பெயர் பொறித்த வாயில்கள் பல நிற்கின்றன. அந்தந்த ஊர்க்காரர்கள் குடியேறியதும் சங்கம் அமைத்துச் சந்தா கட்டி வாங்கிய பகுதிகள் அவை. பெரும்பாலான சங்கங்கள் கலைந்துவிட்டன. வாயிலில் பெயர் இருக்கிறது, பூட்டின் சாவி யாரிடம் என்று தெரியவில்லை.

மாசசூசெட்ஸில் இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறார்கள்: 1984இல் தொடங்கிய மாநில யூதக் கல்லறைச் சங்கம், நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஒரே நிர்வாகத்தில் ஏற்று நடத்துகிறது. ஆனால் எந்தப் பொது அமைப்பும் வெறும் நிலத்தைக் கேட்காது. பராமரிப்புப் பணத்தோடு வரும் நிலத்தையே விரும்பும். எனவேதான் நிலைநிதியைப் பற்றி மேலே அவ்வளவு சொன்னேன். எங்கள் சபை இந்த ஆண்டு துணைவிதியில் ஒரு பிரிவைச் சேர்த்தது. வாராந்தரத் தொழுகைக்குப் பத்துப் பேர் கூடாத நிலை ஓராண்டு தொடர்ந்தால், நிலப் பத்திரம், திருத்திய வரைபடம், அடக்கப் பதிவேடு, நிலைநிதி ஆகிய நான்கையும் சேர்த்து எந்த அமைப்பிடம் ஒப்படைப்பது என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தப் பிரிவு நிறைவேறிய கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் பதினான்கு பேர்.